திருவாரூரில் ஒரு பழைய அவெஞ்சர் பைக்: கூட வந்து பார்க்க யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. டீலர் ஒருவரிடம் அவெஞ்சர் குரூஸ் 220 பார்த்திருக்கிறேன். ஒரே ஓனர், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. முழங்காலில் அடிபட்டதிலிருந்து அப்பாவால் உயரமான வண்டியில் காலூன்ற முடியவில்லை. இதன் சீட் உயரம் 737 மில்லிமீட்டர்தான். உட்கார்ந்து பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

ஆனால் வண்டி இதற்கு முன் நாகப்பட்டினத்தில் கடலோரம் நின்றது. சைலன்சர் அடியிலும் ஸ்போக் முனைகளிலும் துரு. உப்புக்காற்றா, இல்லை வெள்ளத்தில் முங்கியதா? இன்ஜின் ஆயில் தண்ணீர் கலந்து பால் நிறமாக இல்லை, அதுவரை சரி. வேறு எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

அப்புறம், ஆர்சியில் இன்னும் கடன் கொடுத்த பேங்க் பெயர் இருக்கிறது. என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்று பேங்க் தரும் சான்று) பிறகு வரும், முன்பணம் கொடுங்கள் என்கிறார் டீலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட வர, நம்பகமான மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.