மன்னார் வளைகுடாத் தீவுகள்: கூட இருந்து பார்த்ததைச் சொல்கிறோம்

பாம்பனிலிருந்து:

என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டது சின்னப்பாலத்தில். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே கடலில் பாசி எடுக்கிறார். லீவுக்குப் போகும்போது நானும் அவரோடு வள்ளத்தில் ஏறிக்கொள்வேன். குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல் தீவுகளை நான் அப்படித்தான் பார்த்தேன்.

இறங்குவதற்கு முன் பழைய சேலையைக் கிழித்த பட்டைகளை விரல் விரலாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுவார். பார் என்கிற பவளப்பாறையின் ஓரமெல்லாம் கத்திமாதிரி இருக்கும். செருப்புக்கு அடியில் தகரத் தகடு, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மார்பளவுத் தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கினால், கைப்பிடி மரிக்கொழுந்துப் பாசியோடுதான் மேலே வருவார். கூட வந்த ஒரு புதுப் பெண் அவசரத்தில் வேரோடு பிடுங்கிவிட்டாள். பெரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொழுந்த மட்டும் கிள்ளு தாயி, வேர விட்ரு. அடுத்த மாசமும் நாமதானே வரணும்" என்றார். அதட்டவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு தடவைகூட அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை.

அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள் பலருக்குத் தெரியாது. மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவார்கள், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. பாறையைச் சுரண்ட இரும்பு எதுவும் கொண்டு போகக் கூடாது. ஏப்ரல் நடுவில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கும்போது இவர்களும் 45 நாள் நிறுத்திவிடுவார்கள். சட்டப்படி அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான், பாசி எடுப்பவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மீன் குஞ்சு பொரிக்கிற காலம், பாசிக்குள்தான் குஞ்சுகள் ஒதுங்கும் என்று இவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த 45 நாளும் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். வட்டிக்கு வாங்கித்தான் ஓட்டுவார்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அது வேண்டியதுதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2000-க்குப் பிறகு கெடுபிடி கூடியபோது முதலில் மாட்டியது இந்தப் பெண்கள்தான். ஒரு தடவை வனத்துறைக்காரர்கள் வள்ளத்தை மறித்து, அன்று முழுக்க எடுத்த பாசியைக் கடலிலேயே கொட்டச் சொன்னார்கள். பெரியம்மா அழவில்லை. "நாங்க கெடுத்தா நாங்கதானய்யா பட்டினி கெடப்போம்" என்று மட்டும் கேட்டார். எதிரில் இருந்தவர்கள் பதில் சொல்லவில்லை. வெடி வைத்து மீன் பிடிப்பவனையும் விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறவளையும் ஒரே கண்ணால் பார்த்தது பெரிய அநியாயம். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெண்கள் ஊர் ஊராகச் சங்கமாகச் சேர்ந்தார்கள். கட்டுப்பாடுகளை வெளியே எடுத்துச் சொன்னார்கள், பேச்சுவார்த்தைக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்காக ஓர் அமெரிக்க அமைப்பு கொடுக்கிற பரிசு அது. அன்றைக்கு எங்கள் தெருவில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் விடியலில் வள்ளம் வழக்கம்போலக் கிளம்பியது.

தூத்துக்குடியிலிருந்து:

பாம்பன்காரர் எழுதுனத வாசிச்சதும் எங்க தாத்தா ஞாபகம் வந்துட்டு. எங்க பக்கம் கத வேற. தாத்தா காலத்துல தீவப் பக்கம் போய் பவளப்பாறைய கடப்பாரையால பேத்து வள்ளம் வள்ளமா ஏத்திட்டு வருவாங்க. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் அதுதான். எங்க பழைய வீட்டுச் செவுத்துல காரை பேந்த எடத்துல இன்னைக்கும் பூப்பூவா அந்தக் கல்லு தெரியும்.

விலங்குசல்லித் தீவு தண்ணிக்குள்ள போனது அதனாலதான். அலைய மறிக்க பார் இல்லன்னா மணல் எப்படி நிக்கும்? கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போயிட்டு. வான் தீவு சுருங்கிட்டே வந்ததை நானே பாத்தேன்.

பவளத்துக்கு 2001-லயே சட்டப் பாதுகாப்பு வந்துட்டு. ஆனா இங்க கல்லெடுக்குறது நின்னது சுனாமிக்கப்புறம், 2005 வாக்குல. சட்டம் சொல்லி நிறுத்துனவங்கள விட, கடல் வந்து சொல்லி நிறுத்துனவங்கதான் கூட. எங்க மாமா அதுல ஒருத்தர். "பார் இல்லாட்டி ஊருக்கு முன்னால வேலி கெடையாது"ன்னு அவரே எங்ககிட்ட சொல்லிட்டு, கடப்பாரைய பழைய இரும்புக்குப் போட்டாரு. 2015-லருந்து வான் தீவச் சுத்தி சிமெண்ட்ல செஞ்ச செயற்கைப் பாறைகள எறக்குனாங்க. அந்தப் பக்கம் முங்குற பையங்க, அதுமேல பவளக் குருத்து ஒட்டியிருக்கு, மீன் கூட்டங் கூட்டமா அடையுதுன்னு சொல்றாங்க. நல்லதுதான். ஆனா பேத்தெடுக்காம விட்டிருந்தா இவ்ளோ செலவு தேவைப்பட்டிருக்காதுன்னும் நெனப்பு வருது.

ஒரு பார் வளர எத்தனையோ தலைமொற ஆகும். இத எங்க பசங்ககிட்ட நான் அடிக்கடி சொல்லுவேன்.

சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து:

எங்களுடையது பாக் விரிகுடா. தீவு இல்லை, கடல்தாழை என்கிற கடல் புல்தான் பரந்து கிடக்கிறது. அதை மேய ஆவுளியா என்கிற கடல் பசு வரும். மன்னார் வளைகுடாவில் மண்டபம் தீவுகள் பக்கம் மேய்வதும் இதே இனம்தான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வலையில் ஒரு தடவை குட்டி மாட்டியது. விடியற்காலை, வலை கனமாக இழுத்தது. திருக்கையாக இருக்கும் என்று நினைத்தோம். டார்ச் அடித்தால் சாம்பல் நிற முதுகு, பக்கத்தில் மூச்சு விடும் சத்தம். அது மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும், கொஞ்ச நேரம் அமுங்கிக் கிடந்தாலே செத்துவிடும். அண்ணன் யோசிக்கவே இல்லை, புது வலையைக் கத்தியால் கிழித்தார். தாய் ஒரு பாகத் தூரத்தில், அதாவது இரண்டு கையை விரித்த அளவு தள்ளி, சுற்றிக்கொண்டே இருந்தது. குட்டி அதன் பக்கம் போன பிறகுதான் நாங்கள் வள்ளத்தைத் திருப்பினோம்.

முன்பெல்லாம் ஆவுளியாக் கறி தின்ற ஊர்கள் இந்தக் கரையில் உண்டு. 2022-ல் இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் மாட்டியதை விடுவித்தால் வனத்துறை பாராட்டி உதவித்தொகை தருகிறது. அப்படியும் வலை விலை முழுக்கத் திரும்பி வராது, அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம். இப்போது ஊர் வாட்ஸ்அப்பில் பையன்கள் விடுவிக்கும் வீடியோவைப் போடுகிறார்கள். வலை வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். வள்ளத்தில் தூக்கவும் வேண்டாம். தண்ணீரில் வைத்தே வலையை அறுத்து விடுங்கள்.