10 மீட்டர் ஏர் ரைஃபிள்: 13 வயசுப் பொண்ணுக்கு எடை குறைஞ்ச சிலிண்டர் வாங்கலாமா?

பெரம்பூர் அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு 13 வயசு, உயரம் 148 செ.மீ., எடை 38 கிலோ. கிளப் துப்பாக்கியில பழகிட்டிருந்தவளுக்கு இந்த சீசன் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜெர்மன் ரைஃபிள் வாங்கினோம். காத்து அடைச்சு வைக்கிற சிலிண்டர் ஸ்டீல், துப்பாக்கியோட மொத்த எடை 4.7 கிலோ.

முதல் முப்பது குண்டு வரைக்கும் ஒரு குண்டுக்கு 10.2, 10.4 பாயிண்ட்னு அழகா போகுது. நாற்பதைத் தாண்டினா குரூப் (குண்டுங்க விழுற கூட்டம்) மொத்தமா கீழ இறங்குது. நடுப்புள்ளிக்கு நேர் கீழ, கடிகாரத்துல ஆறு இருக்கிற பக்கம், 9.4, 9.1. இடது கை நடுங்குது, இடுப்பு வலிக்குதுன்னு சொல்றா. அறுபது முடிக்கிறதுக்குள்ள மூஞ்சி சுண்டிப் போயிடுது.

தெரிஞ்சவர் ஒருத்தர், அலுமினிய சிலிண்டர் மாத்தினா 200 கிராம் குறையும், அவர்கிட்ட ஒண்ணு சும்மா இருக்கு, பதினெட்டாயிரத்துக்குத் தரேன்னு சொல்றார். புதுசு முப்பதாயிரத்தைத் தாண்டுமாம். வாங்கலாமா? அலுமினியம் போட்டா பெல்லட் (குண்டு) வேகம் குறையும், உதைப்பு கூடும்னு இன்னொருத்தர் பயமுறுத்துறார். அதுல உண்மை இருக்கா?

வால்வு_ஆவடி:

வேகம் குறையாது சார். சிலிண்டர்ல காத்தழுத்தம் 200 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும், நடுவுல இருக்கிற ரெகுலேட்டர் அதை ஒரே அளவுக்கு இறக்கித்தான் உள்ளே அனுப்பும். பாட்டில் ஸ்டீலா அலுமினியமான்னு பெல்லட்டுக்குத் தெரியாது.

உதைப்புக் கணக்கையும் போட்டுப் பாத்துடலாம். மேட்ச் பெல்லட் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 175 மீட்டர்னு வெச்சுக்கோங்க. 4.7 கிலோ ரைஃபிள் பின்னால வர்ற வேகம் நொடிக்கு 1.97 செ.மீ. எடையை 4.5 கிலோ ஆக்கினா 2.06. இந்த வித்தியாசம் யாருக்குமே கையில தெரியாது. பயமுறுத்தினவர் வேற ஏதோ பெரிய துப்பாக்கி ஞாபகத்துல சொல்லியிருப்பார்.

அம்பத்தூர் அக்கா:

நானும் ஒரு காலத்துல சுட்டவதான், இப்ப பையனைக் கூட்டிட்டு அலையறேன். சிலிண்டர் பேச்சைக் கொஞ்சம் ஓரமா வைங்க. குண்டு கீழ இறங்குதுன்னா முதல்ல பாக்க வேண்டியது முழங்கை. ஸ்டேண்டிங்ல இடது முழங்கை இடுப்பெலும்பு மேல உக்காரணும். அப்பத்தான் எடையை எலும்பு தாங்கும். முழங்கை இடுப்பெலும்புல படாம அந்தரத்துல நின்னா எல்லாத்தையும் தோள் தசைதான் சுமக்கணும், அது நாற்பது குண்டுக்கு மேல எங்க தாங்கும்? அதுலயும் இந்த வயசுக் குழந்தைங்க மாசத்துக்கு மாசம் வளருதுங்க. போன தடவை சரியா இருந்த பாம் ரெஸ்ட் (துப்பாக்கிக்கு அடியில இடது கை தாங்குற கட்டை) உயரம் இப்போ சரியா இருக்காது.

பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுத்துப் பாருங்க. பத்தாவது குண்டுல ஒண்ணு, ஐம்பதாவதுல ஒண்ணு. இடுப்பு முன்னால தள்ளிட்டே போகுதா, முதுகு பின்னால சாயுதா?

அப்புறம் பேரல் முனையில ஏதாவது வெயிட் மாட்டியிருக்கா?

பெரம்பூர் அப்பா:

நன்றிங்க மேடம். வீடியோ எடுத்தோம். முழங்கை இடுப்புல நல்லாத்தான் படியுது. ஆனா கடைசிப் பகுதியில முதுகு நல்லாவே பின்னால வளையுது.

பேரல் முனையில கறுப்பா ரெண்டு வளையம் இருக்கு. அது துப்பாக்கியோட சேர்ந்ததுன்னு நினைச்சிட்டிருந்தேன், ஆலன் கீ போட்டா கழண்டு வருது. சமையல்கட்டுத் தராசுல வெச்சா ரெண்டும் சேர்ந்து 110 கிராம். முன்னால இதை வெச்சிருந்தவர் ஆறடி ஆள்.

வால்வு_ஆவடி:

அக்கா கரெக்டா பிடிச்சிட்டாங்க. ஆறடி ஆளுக்கு வெச்ச பேலன்ஸை உங்க பொண்ணு தூக்கிட்டு நிக்கிறா.

எத்தனை கிராம்ங்கிறதை விட அது எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். அவ இடது கையிலேர்ந்து பேரல் முனை சுமார் 60 செ.மீ. இருக்கும். எடையையும் தூரத்தையும் பெருக்குங்க, அங்க 110 கிராம்னா 6,600. சிலிண்டரோட நடுப்பகுதி கைக்கு முன்னால சுமார் 20 செ.மீ. அங்க 200 கிராம் குறைச்சா 4,000தான். அதாவது பைசா செலவில்லாம அந்த வளையங்களைக் கழற்றினா, பதினெட்டாயிரம் கொடுத்து வாங்குற சிலிண்டரை விட முன்பாரம் அதிகமா குறையும். உங்க அளவை வெச்சு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.

பேலன்ஸ் பாயிண்டையும் பாத்துடுங்க. போல்ட் திறந்து, சேஃப்டி ஃபிளாக் (உள்ளே குண்டு இல்லைன்னு காட்டுற கொடி) போட்டு, டவலைச் சுருட்டி அது மேல ரைஃபிளைக் கிடத்துங்க. எந்த இடத்துல சாயாம நிக்குதோ அங்க ஒரு டேப் ஒட்டுங்க. வளையத்தோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை.

எழும்பூர்_பத்தரை:

ரெண்டு பேரும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்றீங்க ப்ரோ. அந்த வெயிட்டை யாரும் அழகுக்கு மாட்டல. முனையில இருக்கிற எடைதான் பேரல் படக்கு படக்குன்னு அலையாம பிடிச்சு வைக்குது. அந்த மந்தம் தூரத்தோட வர்க்கத்துல ஏறும். உங்க கணக்குப்படியே 60 செ.மீ.ல 110 கிராம் செய்யற வேலை, 20 செ.மீ.ல 200 கிராம் செய்யறதை விட கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அதை மொத்தமா உருவிட்டா பாரம் குறையும், கூடவே சைட் பிக்சரும் (குறி பாக்கும்போது கண்ணுல தெரியற காட்சி) துள்ள ஆரம்பிக்கும். பத்து வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளிங்கிறதை மறந்துடாதீங்க.

என் யோசனை: ஒரு வளையத்தை மட்டும் எடுங்க. ஸ்கேட் (குறி அலையறதைப் பதிவு பண்ற கருவி) இருக்கிற கோச் கிட்ட ரெண்டு விதமாவும் ட்ரேஸ் (அந்த அலைச்சலோட கோடு) எடுத்துப் பாருங்க. வெயிட் மாத்தினா ஜீரோவும் (குறி வெச்ச இடத்துலயே குண்டு விழுற அமைப்பு) நகரும், சைட்டர்ல (கணக்குல சேராத ஆரம்பக் குண்டுங்க) சைட் கிளிக்கைத் திருத்தாம ஸ்கோரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க.

அம்பத்தூர் அக்கா:

தம்பி சொல்றது பெரியவங்களுக்கு நூத்துக்கு நூறு சரி. 38 கிலோ குழந்தைக்கு முதல்ல முதுகு, அப்புறம்தான் ட்ரேஸ். விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். குறைஞ்சபட்சம்னு ஒண்ணும் கிடையாது. நாலு கிலோவுல சுட்டா யாரும் அடிக்க வரமாட்டாங்க. வளர வளர எடையைச் சேர்த்துக்கலாம்.

கடல்காத்து_ஈசிஆர்:

யாருமே கேக்கலையே, அந்தப் பழைய சிலிண்டர்ல என்ன தேதி அடிச்சிருக்கு?

எந்த பிராண்டா இருந்தாலும் உடம்புல தயாரிச்ச மாசமும் வருஷமும் பொறிச்சிருக்கும். அலுமினியத்துக்குப் பெரும்பாலும் பத்து வருஷம்தான் ஆயுள். காலாவதி ஆகாத சிலிண்டரைக் கொண்டு வர்றது சுடறவங்க பொறுப்புன்னு சர்வதேச விதியே சொல்லுது. போட்டி செக்கிங்ல அதையும் பாக்கலாம்.

இன்னொண்ணு, அதுல காத்து எப்படி அடிச்சாங்கன்னு கேளுங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல கைப்பம்ப் போட்டே ஓட்டியிருந்தா உள்ளே தண்ணி இறங்கி அரிச்சிருக்க வாய்ப்பிருக்கு. வெளியில பளபளன்னு இருக்கிறதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் ஸ்கூபா டேங்குலேர்ந்துதான் நிரப்புறேன், அதுல காத்து உலர்ந்து வரும். வால்வை மெதுவாத் திறக்கணும். வேகமா ஏத்தினா சிலிண்டர் சூடாகும், ஆறினதும் முள் இறங்கிடும்.

முழுசா நிரப்பினதை மே மாசம் மூடின காருக்குள்ள வெச்சுட்டுப் போகாதீங்க. 27 டிகிரியில 200 பார் இருக்கிறது 60 டிகிரியில 222 ஆகும். பழைய சிலிண்டர்ல அந்த விளையாட்டே வேண்டாம்.

பெரம்பூர் அப்பா:

கேட்டேன் சார். போட்டோ அனுப்பினார். 03/17ன்னு பொறிச்சிருக்கு.

கடல்காத்து_ஈசிஆர்:

அப்போ 2027 மார்ச் வரைக்கும்தான். பதினெட்டாயிரத்துக்கு அது நியாயமே இல்லை. ஓசியில குடுத்தா பிராக்டீஸுக்கு வாங்கிக்கோங்கன்னு சொல்லலாம், அதுவும் உள்ளே செக் பண்ணின பிறகு.

பெரம்பூர் அப்பா:

நேத்து எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதறேன். ரெண்டு வளையத்தையும் கழற்றினதும் பேலன்ஸ் பாயிண்ட் ஒண்ணேகால் செ.மீ. பின்னால வந்துச்சு. எடை 4.59. பொண்ணு தோள்ல வெச்ச உடனே "அப்பா, இது வேற துப்பாக்கி மாதிரி இருக்கு"ன்னா.

எழும்பூர் தம்பி சொன்னதும் நடந்துச்சு. ட்ரேஸ்ல இடது வலது அலைச்சல் கூடியிருக்குன்னு கோச் காட்டினார். அப்புறம் ஒரு வளையத்தை மட்டும் திரும்ப எடுத்து, முனையில மாட்டாம சிலிண்டர் பக்கமா உள்ளே தள்ளி மாட்டினார். இதுல அலைச்சல் கொஞ்சம் அடங்குச்சு. அறுபதும் சுட்டா. கடைசிப் பத்துல ஒரு 9.3 இருந்துச்சு, ஆனா குரூப் கீழ இறங்கல. முதுகு வளையறது மட்டும் இன்னும் முழுசாப் போகல. பிளாங்க் உடற்பயிற்சி போடச் சொல்லியிருக்கார் கோச், மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டிருக்கா.

சிலிண்டர்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா கோச், பின்னாடி வாங்கறதா இருந்தா நீளம் குறைஞ்ச சின்ன சிலிண்டர் பாக்கச் சொன்னார். யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா?

அம்பத்தூர் அக்கா:

என் பையன் அதைத்தான் வெச்சிருக்கான். ஜூனியருக்கு நல்ல விஷயம். எடையும் குறையுது, இருக்கிற எடையும் கை கிட்டவே வந்துடுது. காத்து கம்மியாத்தான் பிடிக்கும், ஆனா சைட்டரும் அறுபது குண்டும் சேர்த்து ஒரு மேட்ச்சுக்குத் தாராளம். ஒரே கம்பெனியா, ஒரே மாடல் வரிசையான்னு பாத்து வாங்குங்க. எல்லா மரையும் எல்லாத்துலயும் ஏறாது.

உங்க ரைஃபிள் எந்த மேக்? எங்களோடதேன்னா ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்குக் கொண்டு வாங்க, அரை மணி நேரம் மாட்டி சுட்டுப் பாக்கட்டும்.

பெரம்பூர் அப்பா:

அதே மேக்தான் மேடம், போட்டோல பாத்தேன். கண்டிப்பா வரோம். ஆலன் கீ செட் எடுத்துட்டு வரட்டுமா?

அம்பத்தூர் அக்கா:

எடுத்துட்டு வாங்க. ஃபில்லிங் அடாப்டரும் உங்களோடதே கொண்டு வாங்க, என்னோடதுல வாஷர் போயி காத்து கசியுது.