கண்படத்தின் நடுவில் வெறும் இடம் - உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மாங்குளத்து மகள்:
அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். போன மாதம் வவுனியாவுக்குக் கூட்டிப்போய், கண்ணின் உட்பக்கத்தைக் காட்டும் கண்படம் எடுத்தோம். துளி விட்டு, கண்மணி விரியும் வரை வாங்கில் இருந்து, பிறகு உள்ளே போனால் திரையில் ஒரு செம்மஞ்சள் வட்டம். மூக்குப் பக்கமாக வெளிச்சமான தட்டு. அதிலிருந்து பாலைமரக் கொப்புகள் மாதிரி இரத்தக் குழாய்கள் மேலும் கீழும் வளைந்து போகின்றன, நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. "இந்த இடம் செத்துப்போச்சோ?" என்று கேட்டுவிட்டேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே. அவர் என் கையைப் பிடித்தார், நடுங்கியது. படம் எடுத்த தம்பி, "இல்லை அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். ஏ9 வீதி முழுக்க அப்பா ஒரு சொல் பேசவில்லை.

இரணைமடு வாத்தியார்:
தங்கச்சி, அந்தத் தம்பி சொன்னது சரி. நானும் அதைக் கண்டிருக்கிறேன், படத்தில் இல்லை, வானத்தில். குளக்கட்டில் நின்று நீல வானத்தை அண்ணாந்து பார்த்தபோது சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் நெளிந்து ஓடின. அவை விழித்திரையின் மயிர்க்குழாய்களில் போகும் வெண்குழியங்கள். நான் உற்றுப் பார்த்த நடு இடத்தில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை. ஏறக்குறைய 0.5 மில்லிமீற்றர் அகலமான அந்த இடத்தில் குழாயே கிடையாது, இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். அந்த இடத்துக்கு வேண்டியதைப் பின்னாலுள்ள குருதிப் படலம் கொடுக்கிறது. அதைச் சுற்றி மயிர்க்குழாய்கள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும், ஓரத்துக்குப் போகப் போக அடுக்குக் குறைந்து ஐதாகும். நீங்களும் பாருங்கள், ஆனால் சூரியன் பக்கம் திரும்ப வேண்டாம். அப்பாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை படம் எடுங்கள், பிரஷரையும் பாருங்கள், கண் தெளிவாகத் தெரிகிறது என்று கிளினிக்கை விடவேண்டாம், பழைய படத்தையும் கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
ஐயா, நடுவில் குழாய் இல்லை என்று மட்டும் சொன்னால் அங்கே ஆபத்தும் இல்லை என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். என் அம்மா அப்படித்தான் இருந்தார். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "தம்பி, சுளகு ஏன் நெளிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். சுளகு நேராகத்தான் இருந்தது. நடுவைச் சுற்றியிருந்த குழாய்கள் கசிந்து நடுப்பகுதி வீங்கியிருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அந்தக் கேள்வி என் காதிலேயே நிற்கிறது. கோடு வளைந்து தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்க வேண்டாம் என்பதையும் எழுதியிருக்கலாம்.

மல்லாவி அம்மா:
நீங்கள் எல்லாரும் நடுவைப் பற்றியே சொல்கிறீர்கள். எங்களுக்குப் பயம் ஓரத்தில். மகள் 29 வாரத்தில் பிறந்தாள். குழாய்கள் அந்தத் தட்டிலிருந்து வெளியே வளர்ந்து போகுமாம். மூக்குப் பக்க ஓரம் கிட்டவாம், பிள்ளை வயிற்றில் இருக்கும் எட்டு மாதமளவில் போய்ச் சேர்ந்துவிடும். காதுப் பக்கம் தூரம், பிறக்கும் காலமளவில்தான் எட்டும். முந்திப் பிறந்தால் அந்தப் பக்கம் வெறுமையாக நிற்கும், பிறகு குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துவிடலாம். டொக்டர் ஒரு தாளில் வட்டம் கீறி, குழாய்களைக் கீறிக்கொண்டு போய், காதுப் பக்கத்தில் மட்டும் விரலளவு இடம் விட்டுப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் கீறினார். நாலாவது முறை கோடு வட்டத்தைத் தொட்டது. அந்தத் தாள் இன்னும் அவளின் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது.