மண்ணும் இரத்தமும் எடுக்க வருகிறார்கள், கையெழுத்துக்கு முன் என்ன கேட்பது?

கிராண்ட்பாஸ் அக்கா:
கொழும்பு 14இல் எங்கள் குடியிருப்புத் தோட்டத்துக்குப் பின்னால் பழைய பற்றரி உடைக்கும் பட்டறை இருக்கிறது. அமிலத்தைக் கானில் ஊற்றி ஊற்றி, கானின் சீமெந்து அரித்துச் சல்லி வெளியே தெரிகிறது. இரவில் ஈயம் உருக்குகிறார்கள். காலையில் கொடியில் கிடக்கும் பள்ளிச் சட்டையைத் தட்டினால் சாம்பல் நிறத் தூள் கையில் ஒட்டுகிறது.

இப்போது ஒரு பல்கலைக்கழகக் குழு மண், வீட்டுத் தூசு, பிள்ளைகளின் இரத்தம் மூன்றிலும் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேட்கிறது. முன்பு வந்த வேறொரு குழு வீடு வீடாகக் கேள்வி கேட்டு, குழாய்த் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனது. ஒரு துண்டுக் கடதாசிகூடத் திரும்பி வரவில்லை. அதனால் பலர் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். என்னால் மறுக்க முடியாது. நான்கு வயது மகள் அந்த மண்ணில்தான் விளையாடுகிறாள். பட்டறையில் வேலை செய்வதும் எங்கள் பையன்கள்தான். என்ன கேட்க வேண்டும்?

ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர்:
தங்கச்சி, பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியே போகும் ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது அந்த நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டல். விரல் நுனியில் எடுத்தால் தோலிலுள்ள தூசும் கலந்துவிடும். அளவு கூடுதலாக வந்தால் நாளத்திலிருந்து எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று இப்போதே கேளுங்கள். அதுவரை தரையை ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு வேண்டாம். பையன்கள் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்கட்டும்.

ஆய்வு மாணவி:
அக்கா, ஆய்வில் சேர்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். பிள்ளையின் பெறுபேறு பெற்றோர் கையில்தான் வரவேண்டும், எப்போது என்ற திகதியோடு. இன்னொன்று: மண் எடுக்கும் இடங்களைத் தீர்மானிக்கும்போது கூட நில்லுங்கள். நாங்கள் வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி வைப்போம். மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், உடைத்த பற்றரிக் கோதுகளை எங்கே கொட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மட்டக்குளி வாசி:
பட்டறைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டா என்று 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

கிராண்ட்பாஸ் அக்கா:
எல்லோருக்கும் நன்றி. பெறுபேற்றுத் திகதியையும் மறு பரிசோதனைச் செலவையும் எழுத்தில் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லப் போகிறோம். பட்டறைப் பையன்களின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும், முதலாளிக்குப் பெயர் போகக் கூடாது. இதையும் சேர்த்துக் கேட்பேன்.