எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்கிறார் அம்மா
அம்மாவுக்கு 64 வயது, நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டை. வருகிற ஞாயிறு அவருக்காகவே ஏற்காடு போகிறோம். ஆனால் அங்கே அவருக்கு என்ன பிடிக்கும் என்பது மூன்று வாரமாகக் கேட்டும் தெரியவில்லை.

மல்கோவாவா, இமாம்பசந்தா என்று சும்மா தொடங்கினேன். "எது விலை கம்மியோ அது." சரி, லாட்டரியில் ஒரு கோடி விழுந்தால்? "அதைத்தான் 2003லேயே நிறுத்திட்டாங்களே!" படகு, ரோஜாத் தோட்டம், சேர்வராயன் கோயில் எனப் படம் காட்டினேன். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

இத்தனைக்கும் நேற்று தட்டுவடை செட் கடையில், யாரும் கேட்காமலேயே, "பீட்ரூட் தூக்கலா, காரச் சட்னி கம்மியா, தட்டுவடை நொறுங்காம" என்று கறாராகச் சொன்னார். ஆக, விருப்பம் இருக்கிறது. என்னிடம்தான் வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட அம்மாவிடம் எந்த மாதிரிக் கேள்வி கேட்டால் உண்மையான பதில் வரும்?