போடி (தேனிப் பக்கம் இல்லை, கலிபோர்னியா): யாருக்காவது இப்படி ஆச்சா?

டிராயர்க்காரி
சியரா மலைக்கு அந்தாண்ட இருக்கிற பழைய தங்கச் சுரங்க ஊர், போனவங்களுக்குத் தெரியும். திரும்பி வர்றப்ப லீ வைனிங் பெட்ரோல் பங்க்ல பையன் (8 வயசு) பாக்கெட்லேருந்து துருப்பிடிச்ச ஆணி ஒண்ணை எடுத்துக் காட்டறான். "கீழ கிடந்துச்சும்மா." ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாதுன்னு போர்டைப் படிச்சுக் காட்டினதே நான்தான்! வீட்டுக்காரர், "ஒரு ஆணிதானே, விடு"ன்னுட்டார். மூணு வாரமா டிராயர்ல கரண்டிகளோட கிடக்கு. எதையாவது எடுத்தா அந்த ஊரோட சாபம் பிடிக்கும்னு பயந்து, எடுத்துட்டுப் போனதைத் திருப்பி அனுப்பினவங்க எழுதின மன்னிப்புக் கடிதங்களை அந்த மியூசியத்துல படிச்சிருக்கவே கூடாது.

மலையேறி
சாபமாவது ஒண்ணாவது. திருட்டைத் தடுக்க ரேஞ்சருங்க கிளப்பிவிட்ட கதைன்னுதான் சொல்றாங்க. ஆனா 1962லேருந்து அது மாநிலப் பூங்கா, எடுத்தது சட்டப்படி தப்பு. நானும் போனேன், மூச்சு வாங்குச்சு, அவ்வளவுதான். போறவங்க கவனிங்க: கடைசி மூணு மைல் மண் ரோடு, வாடகைக் கார்னா டயர் பத்திரம். 8,379 அடி உயரம், தலைவலி வரும், தண்ணி குடிச்சிட்டே இருங்க. சாப்பாட்டுக் கடை கிடையாது, புளிசாதம் கட்டிக்குங்க. நிழலுக்கு ஒதுங்க மரமே இல்ல. குளிர்காலத்துல ரோட்டைப் பனி மூடிடும். 1859ல அங்க தங்கம் கண்டுபிடிச்ச பாடி (Bodey)ங்கிற ஆளே அந்தக் குளிர்காலப் பனிப்புயல்லதான் செத்தார், நீங்க வெறும் ஹூடியோட கிளம்பாதீங்க.

ரீஃப் பேத்தி
"அவ்வளவுதான்"னா? தாது இடிக்கிற ஸ்டாண்டர்டு மில்லுக்குள்ள போகவே இல்லையா சார்? நான் கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) பொண்ணு, தாத்தாவுக்கு அங்க சாம்பியன் ரீஃப் சுரங்கத்து மில்லுல வேலை. போடியில தாதுவை இடிச்ச 20 இரும்பு உலக்கைகளைக் காட்டி, ராத்திரி பகலா இடிக்கும், பக்கத்துல நின்னவன் காது போயிடும்னார் வழிகாட்டி. தாத்தாகிட்ட எதையும் ரெண்டு தரம் கத்தித்தான் சொல்லணும். வயசாயிடுச்சு, அதான்னு நினைச்சு சின்ன வயசுல கேலி பண்ணியிருக்கேன். காது போயிடும்னு கேட்டப்புறம் வழிகாட்டி சொன்னது எதுவும் காதுல ஏறலை. அங்க கட்டடங்களைப் புதுசாவும் ஆக்காம, விழவும் விடாம வச்சிருக்காங்க. எங்க ஊர்ல 2001ல சுரங்கத்தை மூடினாங்க, இப்ப தூரத்துலேருந்து தெரியறது சயனைடு மேடுதான், தங்கத்தைப் பிரிச்செடுத்த மிச்ச மண்ணு.

டிராயர்க்காரி
ஆணியைக் கவர்ல போட்டாச்சு. கடிதம் பையனே எழுதினான். ஸாரி, எடுக்கறப்பவே வளைஞ்சுதான் இருந்துச்சு, நான் வளைக்கலைன்னு. வீட்டுக்காரர் இன்னும் சிரிச்சிட்டிருக்கார்.