நெல்லு காயவைக்க ஊரில போறணை இருந்ததோ?

கரவெட்டிப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம், ஸ்கொட்லாந்துக்கு வடக்கால இருக்கிற ஓர்க்னி தீவுகளுக்கு போனனான், அங்க ஹாரே எண்ட இடத்தில கொரிகல் பண்ணை மியூசியம் எண்டு பழைய கமக்காரர் வீட்டை வளவோட அப்பிடியே வச்சிருக்கினம், அதில கொட்டிலோட ஒட்டினபடி கல்லால கட்டின வட்டப் போறணை ஒண்டு, தானியம் காயவைக்கவாம். உள்ளுக்க குறுக்கால மரச்சட்டம், அதுக்கு மேல வைக்கல், வைக்கலுக்கு மேல தானியம். நெருப்பு நேர கீழ இல்லை, பக்கத்து வாயில எரிய சூட்டுக்காத்து மட்டும் உள்ளுக்க போகும். எனக்கு எங்கட புகையிலைப் போறணைதான் ஞாபகம் வந்திட்டுது. ஊரில நெல்லுக்கும் உப்பிடி இருந்ததோ?

வடமராச்சி மாமி:
நான் கண்டதில்லை தம்பி. மாரிமழையில விளையுற நெல்லை தை மாசியில வெட்டுறது, அப்ப வெயில் வந்திடும், பிறகென்னத்துக்கு நெருப்பு? புழுங்கலுக்கு நெல்லை ஊறப்போட்டு அவிச்சு முத்தத்தில பாயில பரவி விட்டா காலால துழாவித் துழாவி விடுறது எங்கட வேலை, கோழி கலைக்கிறதும் நாங்கள்தான். காஞ்ச நெல்லு கோற்காலிக்குள்ள போகும். எங்கட அம்மான்ர கோற்காலி இப்பவும் பின்விறாந்தையில கிடக்கு, ஆரும் விறகாக்க விடமாட்டன்.

குளிர்நாட்டான்:
மாமி சொன்னதுதான் விசயம். அங்க அறுவடை செப்டம்பரில, மழையும் காத்தும், வெயிலை நம்பேலாது. ஈரத்தானியத்தை கல்லில அரைக்க ஏலாது, வச்சா பூஞ்சணமும் பிடிக்கும். அவை விதைக்கிறது 'பெர்' (bere) எண்ட பழைய பார்லி இனம், கிட்டத்தட்ட 90 நாளில விளையும். அந்த தீவுகளிலயே பேர்சேயில 1873ல கட்டின பாரனி மில் இருக்கு, தண்ணிச் சில்லில ஓடுறது, இப்பவும் அந்த மாவை அரைக்கினம். கட்டடத்தை மட்டும் வச்சிருக்காமல் விதையையும் அரைப்பையும் சேத்து காப்பாத்தினதுதான் எனக்கு பெரிசாப் படுது.

தோட்டக்காரன்:
போறணை எண்ட சொல்லே போத்துக்கீசர் விட்டிட்டுப் போனது. எங்கட வளவிலயும் புகையிலைக்கு ஒண்டு நிக்குது, அப்பா பொச்சு மட்டை போட்டு புகையூட்டினவர், சுவரில அந்த மணம் இன்னும் போகேல்லை. தம்பி இடிச்சுப்போட்டு கராஜ் கட்டவேணும் எண்டுறான், நான் விடேல்லை, ஆனா கூரை இந்த மாரிக்குத் தாங்காது. ஓலை வேயத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

கரவெட்டிப்பெடியன்:
அண்ணை, ஆடியில வாறன், அதுக்கு முதல் இடிக்க விடாதேங்கோ. ஓலைச் செலவில பாதி என்ர. மாமி, கோற்காலியையும் அளவெடுத்து படம் எடுக்க விடுவீங்களோ?